சித்தி வரைந்த வெள்ளி

எரிமலை என்றால் உச்சியில் ஓட்டை விழுந்த கூம்பு என்றுதான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துச் சுவரில் அப்படித்தான் வரைந்திருந்தார்கள். கூம்பின் வாயிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக வழியும். பக்கத்தில் ஒரு தென்னை மரம் எதற்கென்றே தெரியாமல் நிற்கும். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய வருடம்தான் அந்தக் கூம்பு என் மனதிலிருந்து கலைந்தது. எரிமலை தரையோடு தரையாகப் பரந்து கிடக்கும், ஊத்தப்பம் போல வட்டமாகத் தட்டையாக இருக்கும், சிலந்தி போலக் காலை விரித்துக்கொண்டும் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவையெல்லாம் வெள்ளிக் கிரகத்து எரிமலைகள். எங்கள் தெருவில் அவற்றைப் பார்த்தவர்கள் சித்தியும் நானும் மட்டும்தான். அதில் சித்தி எவ்வளவு பார்த்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் ஓசூரில் சிப்காட்டை ஒட்டி, வாடகைக்கென்றே வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்றில் இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பா உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். அதற்குத் தகுந்தாற்போல வீட்டில் சத்தம் போடும் நேரமும் மாறும். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சேலத்தில் நிலவியல் படித்து முடித்ததும் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் விட வேண்டாம், தினமும் பஸ்ஸில் போய் வரட்டும் என்று அம்மாதான் சொந்த ஊரான நாகரசம்பட்டியிலிருந்து அவளைக் கூட்டிவந்தாள்.

அந்த வேலை என்ன வேலை என்று சொந்தத்தில் யாருக்கும் விளக்க முடியவில்லை. நிலவியல் படித்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதாவது கிரானைட் க்வாரியில் சேரலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஊரிலிருந்து மாங்காய் மூட்டையோடு வந்த பெரியப்பா, சித்தி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளியில கல்லு இருந்தா நமக்கு என்னாம்மா, லாரி போவுமா அங்க?" என்றார். சித்தி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். போகும்போது வாசற்படிக்குப் பக்கத்தில் அவர் இறக்கி வைத்திருந்த மூட்டையில் இடித்துக்கொண்டாள்.

வெள்ளியை எப்போதும் மேகம் மூடியிருக்கிறது. அமில மேகம். கேமராவில் எடுத்தால் மேகம்தான் விழும். அதனால் பல வருடங்களுக்கு முன் வேறு தேசத்துக்காரர்கள் அனுப்பிய விண்கலம் ஒன்று ரேடியோ அலைகளைக் கீழே விட்டு, தரையில் பட்டுத் திரும்பி வந்ததை வைத்துப் படம் செய்து அனுப்பியிருந்தது. கறுப்பும் வெளுப்புமான அந்தப் படங்களில் ஒரு சதுரம் சித்தியின் பங்குக்கு வந்திருந்தது. அதற்குள் எந்த லாவா எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, எது எதன்மேல் ஓடியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட வேண்டும். கோடு சரியாக விழுந்தால் அந்த இடத்தில் முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். மனிதர் யாரும் கால் வைக்க முடியாத, ஈயம் உருகிப் போகும் சூட்டில் வெந்துகொண்டிருக்கிற தரைக்கு எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து எல்லை போட்டுக்கொண்டிருந்தாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைட் ஷிப்டு முடித்த அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். சித்தி லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்து, முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாகத் தலையை நகர்த்துவாள். கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள்.

"பாப்பா, இங்க வா. முழுசாப் பாத்தா என்ன மாதிரி இருக்குது?"

"ஊத்தப்பம் மாதிரி. ரெண்டு இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டிருக்கு."

"எது மேல இருக்குது? வெரல வெச்சுக் காட்டு."

நான் விரல் வைத்த இடத்துக்கு அவள் மௌஸின் அம்புக்குறியைக் கொண்டுவருவாள். நான் ஓரத்தைத் தடவிக்கொண்டே போக, அம்புக்குறி என் விரலுக்குப் பின்னாலேயே வரும். வெளிச்சமாக இருப்பதெல்லாம் மேடு, இருட்டாக இருப்பதெல்லாம் பள்ளம் என்று முதலில் நினைத்தேன். "இல்ல கண்ணு. வெளிச்சமா இருந்தா அங்க தரை கரடுமுரடு. இருட்டா இருந்தா வழவழன்னு இருக்குதுன்னு அர்த்தம். இருட்டுன்னா அங்க ஒண்ணுமில்லன்னு நெனைக்கக் கூடாது," என்றாள் சித்தி. விரிசல் மேலே லாவா ஓடி மூடியிருந்தால் விரிசல் பழையது, லாவாவையே கிழித்துக்கொண்டு விரிசல் போனால் லாவா பழையது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நிலவியல். அதை வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் சொல்லத் துணிந்துவிட்டேன்.

வெள்ளியில் மலைக்கும் பள்ளத்துக்கும் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் பெண்கள் பெயர்தான் வைப்பார்களாம். அதைக் கேட்டதும் என் பெயரை ஒரு மலைக்கு வைக்கச் சொல்லி அடம் பிடித்தேன். அது பெரியவர்கள் கூடி முடிவு செய்கிற விஷயம், வேண்டுமானால் நமக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்படித்தான் சுருக்கம் சுருக்கமாக இருந்த ஒரு மேட்டு நிலத்துக்கு எங்கள் வீட்டுக்காரம்மாவின் பெயரை வைத்தோம். திங்கட்கிழமை காலையில் சித்தி துப்பட்டா நுனியால் திரையில் இருக்கும் என் விரல் அச்சுகளையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் லேப்டாப்பைப் பைக்குள் வைப்பாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். தங்கையைச் செல்லி என்பார். ஒருநாள் அம்மாவிடம் வந்து, "உங்க செல்லி ரொம்பப் படிச்சவ போல. எதிர்ல வந்து சிரிச்சா கூட மூஞ்சத் திருப்பிட்டுப் போறா," என்று குறைப்பட்டுக்கொண்டார். அம்மா அன்றைக்கு முழுக்கச் சித்தியைத் திட்டினாள். அடுத்த நாளிலிருந்து சித்தி தெருவில் போகும்போது யாரும் இல்லாத பக்கம்கூடப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். அதைப் பார்த்த எதிர்வீட்டுப் பையன்கள் வேறு விதமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

சித்தியின் கெண்டைக்காலில் எப்போதும் கன்றிப்போன தடம் இருக்கும். முக்காலி, வாளி, என் சைக்கிள் எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. வெயில் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவாள். அந்த நாட்களில் சாயங்காலமானால் கரண்ட் போவது வழக்கம். கரண்ட் போனதும் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவோம். சித்தி உட்கார்ந்த இடத்திலேயே, கையிலிருந்த டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல், விளக்கு வருகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இருட்டென்றால் பயம் என்று நான் என் தோழிகளிடம் சொல்லியிருந்தேன்.

கெலமங்கலத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் ஏதோ கம்பெனியில்தான் வேலை. சித்திக்குப் பிடித்ததா இல்லையா என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன சித்தி என்னையும் கூட்டிப்போனாள். சூரியன் இறங்கி மேற்கே வானம் ஆரஞ்சாக இருந்தது. எங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி நான் தேடினேன். கிடைத்துவிட்டது. மின்னாமல், ஒரு பொட்டுப் போல நின்றுகொண்டிருந்தது வெள்ளி.

"சித்தி, அதோ நம்ம வெள்ளி," என்றேன்.

"எங்க?"

"அதோ, அந்தத் தண்ணி டேங்குக்கு மேல."

சித்தி தலையைத் தூக்கினாள். முகத்தை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, அசையாமல் வெகுநேரம் பார்த்தாள். "ஆமா, எவ்ளோ அழகா இருக்குது," என்றாள். அவள் முகம் திரும்பியிருந்த இடத்தில் கம்பெனியின் உயரமான கம்பத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது வெள்ளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, வெளிச்சம் கூசுகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன். துணியை நான்தான் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினேன். சித்தி ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

காலாண்டு லீவில் சித்தி என்னைத் தன் ஆபீசுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அம்மா ஆச்சரியப்பட்டாள்.

"ஆபீசுக்குப் போயி குழந்த என்னா பண்ணுவா?"

"சும்மா வரட்டுங்கா. படம் பெருசா மாட்டிருக்காங்க. பாத்துட்டு வருவா."

புது கவுனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப்பலகைகளில் எழுத்து மாறியதைப் பார்த்து வேறு நாட்டுக்கே வந்துவிட்டதாக நினைத்தேன். பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் சித்தி என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள். நான் தொலைந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று எண்ணி, "நான் ஒண்ணும் தொலைய மாட்டேன்," என்று அவளைத் தேற்றினேன்.

ஆபீசில் எங்கள் சதுரத்தை அச்சடித்து ஒரு நீள மேஜை முழுக்க விரித்திருந்தார்கள். லேப்டாப்பில் பார்த்ததைவிட எத்தனையோ மடங்கு பெரிது. சித்தியின் மேலதிகாரி மைசூர்ப் பக்கத்துக்காரர். நரைத்த தாடி, கண்ணாடி, மெல்லிய குரல். சித்தி அவரைச் சார் என்றாள். அவர் படத்தைச் சுற்றி வந்து, ஒரு இடத்தைப் பென்சிலால் தொடாமல் தூரத்திலிருந்தே காட்டி, இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சித்தி மேஜைமேல் குனிந்தாள். கையை வைத்துத் தேடினாள். அவர் காட்டிய இடம் ஒரு பக்கம் இருக்க, அவள் விரல் வேறு பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் அவள் விரலையே பார்த்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சித்தி, அங்க இல்ல. கீழ. அந்தச் சிலந்திக்குப் பக்கத்துல," என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். தைரியம் வந்து, எக்கி நின்று விரலை வைத்தேன். "இந்த லாவா இங்க நிக்கல. ஊத்தப்பத்துக்கு அடியில போயி அந்தப் பக்கமா வருது. அதனால ஊத்தப்பம்தான் புதுசு."

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"நான்தானே எப்பவும் சித்திக்குச் சொல்லுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு எனக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஒருவரை அனுப்பிவிட்டு, சித்தியைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவு. பிஸ்கட்டைத் தின்றுகொண்டே பார்த்தேன். சித்தி பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் அவர் ஒரு கையை மேஜையின் ஓரத்தில் மெதுவாகத் தூக்கிக் காட்டினார். சித்தி அதைக் கவனிக்கவே இல்லை. கையை இறக்கிவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மீதி பிஸ்கட்டை அம்மாவுக்கென்று கவுன் பாக்கெட்டில் வைத்தேன்.

கிளம்ப நேரமாகிவிட்டது. சாலையெல்லாம் வண்டிகள் நகராமல் நின்றன. ஓசூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து எங்கள் நிறுத்தத்துக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தோடு கரண்டும் இல்லை. பஸ் போன பிறகு சித்தி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பாப்பா, என் கையப் புடிச்சுக்க. நீ முன்னாடி நட. மெதுவா நட."

வழி தெரிந்த தெரு. எனக்கென்னவோ அன்றைக்கு ரொம்பப் பெரியவளாகிவிட்டது போல இருந்தது. பள்ளம் வந்தால் பள்ளம் என்றேன். கல் கிடந்தால் கல் என்றேன். சாக்கடைப் பலகையைக் கவனமாகத் தாண்ட வைத்தேன். சிப்காட்டுக்கு வந்த லாரிகள் எங்கள் தெருமுனையில் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று பின்கதவை மட்டமாகத் திறந்துபோட்டு நின்றது. அதற்கடியில் நான் எப்போதும் போலப் புகுந்து போனேன். எனக்குத் தலைகூட இடிக்காது. சித்தி என் கையைப் பிடித்தபடியே பின்னால் வந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. கை மட்டும் என் கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தால் சித்தி தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் கறுப்பாக ஏதோ வழிந்தது. டிரைவர் கன்னடத்தில் கத்திக்கொண்டே டார்ச்சோடு ஓடிவந்தார். வெளிச்சம் பட்டதும் அது கறுப்பில்லை என்று தெரிந்தது.

கிளினிக்கில் புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தவள், உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபத்துக்கு மாறினாள். "அவ்ளோ பெரிய லாரி. கண்ணு தெரியலையாடி உனக்கு?" என்றாள். எங்கள் வீட்டில் யார் எதில் இடித்துக்கொண்டாலும் கேட்கிற கேள்விதான்.

"தெரியலக்கா," என்றாள் சித்தி.

அம்மா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சின்னதுல மாலைக்கண்ணுன்னு சொன்னாங்களே, அதா? அதான் ஈரலும் முருங்கக்கீரையும் குடுத்து சரியாப் போச்சே."

"சரியாப் போவல. சரியாப் போச்சுன்னு நான் சொன்னேன். இப்ப பகல்லயும் ரெண்டு பக்கமும் இருக்கறது தெரியறதில்ல. நேரா இருக்கறது மட்டும்தான், அதுவும் ஒரு காசு அகலத்துக்கு."

பெஞ்சில் அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாக்கெட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அது நொறுங்கிப்போயிருந்தது.

பிறகு ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை விட்டுப் போக இடமில்லாததால் என்னையும் கூட்டிப்போனார்கள். சித்தியின் முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். கிண்ணத்துக்குள் எங்காவது வெளிச்சப் புள்ளி வந்தால் அமுக்க வேண்டும். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்திலிருந்த எனக்கே தெரிந்தன. சித்தி அமுக்கவில்லை. "சித்தி, அமுக்கு, அமுக்கு," என்று கிசுகிசுத்தேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

டாக்டர் ஒரு பெண்மணி. இது பரம்பரையில் வருவது, கண்ணாடி போட்டோ ஆபரேஷன் செய்தோ சரியாகாது, மெதுவாகக் கூடிக்கொண்டே போகும் என்றார். சித்தி தெரிந்த பாடத்தைக் கேட்பவள்போலத் தலையாட்டினாள். டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டுக்கொண்டே கேட்டார்.

"உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டுனவங்களா?"

"ஆமாங்க. எங்க அப்பாவுக்கு எங்க அம்மா மாமன் மக," என்றாள் அம்மா.

"நீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கம்பெனிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நாங்களும் சொந்தம்தாங்க. இவரு என் அத்த பையன்," என்று அம்மா சொன்னபோது குரல் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் வயதைக் கேட்டார். என் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். எரிந்தது. "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. இது சில பேருக்கு வளர வளரத்தான் தெரியும். வருசா வருசம் கூட்டிட்டு வாங்க," என்றார். சித்திக்கு உடம்பு சரியில்லாததற்கு எனக்கு ஏன் மருந்து போட்டார்கள் என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

கெலமங்கலத்துக்காரர்களிடம் சித்தியே போன் போட்டுச் சொன்னாள். அம்மா தடுக்கவில்லை. அவர்கள் நல்லவிதமாகவே பேசினார்கள், பிறகு பேசவே இல்லை. ஆபீசில் சார் அவளை உடனே அனுப்பிவிடவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மாணவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கள் சதுரத்தை முடிக்க வைத்தார். முடிந்த பிறகு காண்ட்ராக்டும் முடிந்தது. இன்னொரு வேலைக்குச் சித்தி விண்ணப்பிக்கவில்லை. தையல் தழும்போடு நாகரசம்பட்டிக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அரிசி டிரம் மறுபடியும் வெறும் அரிசி டிரம் ஆனது.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெள்ளியில் ஒரு எரிமலையின் வாயை அதே பழைய படங்களில் சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டை வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள், இரண்டாவதில் வாய் பெரிதாகி உருமாறியிருக்கிறது, செத்த கிரகம் என்று நினைத்தது செத்துப்போகவில்லை என்ற செய்தி சில வருடங்களுக்கு முன் வந்தபோது, நான் அவசரமாக அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. "ரெண்டு படமும் உன் கிட்ட இருக்குதா? மொதல்ல எப்பிடி இருந்துச்சு, அப்புறம் எப்பிடி ஆச்சு, சொல்லு," என்றாள். முதலில் வட்டம், பிறகு மொச்சைக்கொட்டை மாதிரி என்றேன். மறுமுனையில் அவள் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பாள். அன்றைக்குத்தான் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போனதைப் பற்றிக் கேட்டேன். "நானா வாயத் தொறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. பக்கத்துல இருந்தா எப்பிடியும் நீயே சொல்லிருவன்னு தெரியும். அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றாள்.

என் கண்ணுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

சித்தி ஊருக்குப் போன பிறகு அம்மா ஒரு புது விளையாட்டை ஆரம்பித்தாள். அதற்கு முன் அம்மா என்னோடு விளையாடியதே கிடையாது. அடுப்பும் துணியும் அப்பாவின் ஷிப்டுமாகவே அவளுக்குப் பொழுது போகும். இப்போதோ சாயங்காலம் மங்கியதும் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, அறையின் ஏதாவது ஒரு மூலையில் போய்ச் சத்தமில்லாமல் நின்றுகொள்வாள். வழியில் முக்காலியையோ குடத்தையோ வைத்திருப்பாள். நான் அதிலெல்லாம் முட்டாமல் போய் அவளைத் தொட வேண்டும். ஜன்னல் வழியாக வருகிற கொஞ்ச வெளிச்சமே எனக்குப் போதும். நேராகப் போய் அவள் வயிற்றில் முட்டுவேன். "என்னப் பாத்துட்டே நில்லு, திரும்பாம சொல்லு, உன் பக்கத்துல என்னா இருக்குது?" என்பாள். "குடம்," என்பேன். அம்மா என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு தடவை என்று கெஞ்சினால், "போதும், நாளைக்கு," என்று போய் விளக்கைப் போடுவாள்.

தினமும் நானே ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெரியவளாக இருந்தும் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லையே, இன்றைக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. விளக்கை அணைத்ததும் கைகளை முன்னால் நீட்டிக் காற்றில் துழாவினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெரிந்தே முக்காலியில் இடித்து விழுந்தேன். எழுந்து, அம்மா இல்லாத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா, எங்கம்மா இருக்க? ஒண்ணுமே தெரியல," என்றேன்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். பிறகு குடம் உருண்டது. அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மாம்மா. எல்லாம் தெரியுது," என்று சொல்லி, அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள், எந்தக் கை வாயைப் பொத்தியிருக்கிறது, குடம் எங்கே போய் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அருகில் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து விளக்கைப் போட்டாள், முகம் கழுவினாள், அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முதல் தடவையாக ஜெயித்த அம்மாவுக்கு ஏன் சந்தோஷமே வரவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவள் மறுபடியும் கதவைச் சாத்தியபோது, இவளுக்கு விளையாடவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நேராகப் போய் அவளைத் தொட்டேன்.